இருபத்து நான்கு கட்டைவிரல்கள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் தனபாக்கியத்துக்கு எப்போதும் உண்டு, ஏனென்றால் இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள், மூன்று பேரும் மூன்று விதமாக எடுத்துக்கொண்டார்கள். தங்கச்சியிடம் சொன்னபோது அவள் வேப்பிலை அடித்து மந்திரிக்க ஆள் பார்த்தாள். பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மறுநாள் பேப்பரில் அவள் சொல்லாத வார்த்தைகளை அவள் சொன்னதாகப் போட்டார், அவற்றில் பாசம் என்ற வார்த்தை மட்டும் ஐந்து முறை வந்தது. போலீஸ் ஏட்டு ஒருவர் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எதையோ எழுதிக்கொண்டார், அதுதான் மூன்றிலும் மோசம். அதனால் இப்போது யார் கேட்டாலும் முதலில் அவர்கள் கையில் பேனா இருக்கிறதா என்று பார்க்கிறாள், பிறகு இயந்திரம் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

இயந்திரம் ஐப்பசி மழையோடு வந்தது. துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு காலத்தில் உப்புக் கிடங்காக இருந்த நீளமான கட்டடம் இப்போது வீடற்ற பெண்களுக்கான காப்பகம், கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது ஓர் அறக்கட்டளை, உள்ளே நாற்பத்து மூன்று பெண்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். பகலில் தனபாக்கியம், இரவில் ஜெசிந்தா. பதினோரு வருடமாக இந்த இரண்டு பேரும்தான். பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் கடலோரத்திலும் யாராவது ஒருத்தி நாள்கணக்கில் சுருண்டு கிடப்பதாகத் தகவல் வந்தால், ஆட்டோ பிடித்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கல்லெடுத்து எறிந்தால் தள்ளி உட்கார்ந்து, எறிந்து முடித்ததும் கிட்டப் போய் உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கூட்டி வந்து, போலீஸ் ஸ்டேஷனில் சேர்ப்பு மெமோ வாங்கி, அதற்குப் பிறகு குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டுவதுதான் வேலையிலேயே பெரிய வேலை. சடை பிடித்த தலையை வெட்டி, பேனுக்கு மருந்து வைத்து, புண்ணில் புழு இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து, காலை வெந்நீரில் ஊறவைத்து, வருடக்கணக்கான அழுக்கை முதுகிலிருந்தும் கழுத்திலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால், அடியிலிருந்து ஒரு பெண் வருவாள், சில நேரம் அவளுக்கு ஒரு பெயரும் வரும்.

இதற்கு மாதம் ஆறாயிரம். அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம் என்று பெயர். அவர்களுக்கும் தொழிலாளர் என்று பெயர் இல்லை, தொண்டர் என்று பெயர். பெயரை இப்படி வைத்ததில் ஏதோ சூது இருக்கிறதென்று தனபாக்கியத்துக்கு முதல் மாதத்திலிருந்தே சந்தேகம், ஆனால் அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அது எந்த எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று பிடிபடவில்லை.

இயந்திரத்தைச் சுவரில் மாட்டிய அன்று அறக்கட்டளைச் செயலாளர் ஞானசிகாமணி ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். இனிமேல் காப்பக ஊழியர்கள் தினமும் காலையும் மாலையும் கைரேகை வைக்க வேண்டும், தொண்ணூறு நாள் விடாமல் வைத்தவர்களை அதிகாரி வந்து நேரில் பார்ப்பார், சரியாக இருந்தால் தொழிலாளர் பட்டியலில் சேர்ப்பார்கள், முழுச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் படம் போட்ட அட்டை.

"நிஜமாவா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"கவர்மென்ட் பேப்பர்மா. பொய் சொல்லுமா?"

தனபாக்கியம் வாடகையைக் கணக்குப் பார்த்தாள். அவளுடைய ஒற்றை அறைக்கு வீட்டுக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கியிருந்தார், தை மாதம் முடிவதற்குள் முடியும் முடியாது என்று சொல்லிவிடு, வேறு ஆள் நிற்கிறது என்றிருந்தார். தை கழிந்தால், பதினோரு வருடமாகத் தெருவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவளை யாராவது தெருவிலிருந்து கூட்டி வர வேண்டியிருக்கும், அவளுக்கும் ஸ்டேஷனில் ஒரு மெமோ போட வேண்டியிருக்கும். அதனால் நம்பாவிட்டாலும் கட்டைவிரலை வைத்தாள். இயந்திரம் பச்சையாக மினுங்கி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரியான குரலில், "வணக்கம், தனபாக்கியம்" என்றது. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை, அதனாலேயே அவளுக்கு அதன்மேல் இன்னும் சந்தேகம் கூடியது.

கார்த்திகை மாதத்தில் அடையாள அட்டை போடுகிற வேன் வந்தது. காப்பகத்துப் பெண்களில் யாரிடமும் ஒரு காகிதமும் கிடையாது, அட்டை இருந்தால்தான் முதியோர் உதவித்தொகை. முதலில் உட்கார்ந்தவள் குருவம்மா, எழுபது வயது, பஸ் ஸ்டாண்டு கழிவறைக்குப் பின்னால் கிடந்தவள், வாய் மட்டும் பதினேழு வயதுக்காரியுடையது. கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தாள். கம்ப்யூட்டர் யோசித்தது. பிறகு திரையில் ஒரு படம் வந்தது, அது தனபாக்கியத்தின் படம்.

வேன்காரப் பெண் ஆச்சரியப்படவில்லை, மெஷினைத் துடைத்தாள், நிறுத்திப் போட்டாள், டீ குடித்தாள், விரலைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். குருவம்மா கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடியும் தனபாக்கியம் வந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள், தனபாக்கியம் வந்தாள். அதற்கடுத்தவள் உட்கார்ந்தாள், ஜெசிந்தா வந்தாள். சாயங்காலத்துக்குள் கணக்கு தெளிவாகிவிட்டது. பகலில் வந்து தனபாக்கியம் குளிப்பாட்டிய இருபத்து நான்கு பெண்களுக்கும் தனபாக்கியத்தின் ரேகை, இருட்டிய பிறகு வந்து ஜெசிந்தா குளிப்பாட்டிய பத்தொன்பது பேருக்கும் ஜெசிந்தாவின் ரேகை, வளையம் வளையமாக, தனபாக்கியத்தின் விரலில் வலது பக்கம் இருந்த வெட்டுத் தழும்பு உட்பட, அரிவாள்மனையில் அவள் விரலை வெட்டிக்கொண்டபோது பிறந்தே இராத ஒருத்தியின் விரலிலும் அந்தத் தழும்பு இருந்தது.

"இது சாஃப்ட்வேர்ல இல்ல, ஆள்ல இருக்கு" என்று வேன்காரப் பெண் மூட்டை கட்டினாள். "கண்ணப் படம் எடுக்கிற மெஷின் கொண்டாரேன். கண்ணையும் தேய்ச்சிருக்கீங்களா?"

"கண்ண யாராச்சும் தேய்ப்பாங்களா?" என்றாள் தனபாக்கியம்.

"அப்பச் சரி."

பத்து நாள் கழித்துக் கண் மெஷின் வந்தது, எல்லோருடைய கண்ணும் அவரவர் கண்ணாகவே இருந்தது, அட்டை கிடைத்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் காப்பகத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"ஏட்டி பாக்கியம், என் ரேகைய எங்கட்டி வச்சிருக்க?" என்று குருவம்மா தட்டோடு வந்து வழி மறித்தாள்.

"நான் எதுக்கு ஒங்க ரேகைய எடுக்கேன்? ஒங்களுக்குத்தான் என் ரேகை இருக்கு. நான்தான கேக்கணும்."

"நீதான போட்டுத் தேய் தேய்னு தேய்ச்ச. அன்னைக்கே தோலு போச்சுனு கத்துனேன். கேட்டியா?"

"அது தோலு இல்ல, அழுக்கு."

"அழுக்கோட எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயாவது என் ரேகை இருந்துச்சு."

தனபாக்கியம் அன்றிலிருந்து தன் கைப்பையைப் பூட்ட ஆரம்பித்தாள். கட்டைவிரல் இருந்தால் ரேஷன் வாங்கலாம், பேங்கில் பணம் எடுக்கலாம், இருபத்து நான்கு பேர் தன் கட்டைவிரலோடு நடமாடுகிறார்கள், அதில் நான்கு பேருக்கு ராத்திரி சாப்பிட்டது காலையில் ஞாபகம் இருக்காது, ஒருத்தி கிடைத்ததையெல்லாம் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பவள். ரேஷன் கடைக்கு ஓடிப் போய் விசாரித்தாள்.

கடைக்காரர் தராசிலிருந்து கண்ணெடுக்காமல், "நேத்து ஒங்க காப்பகத்துலயிருந்து பச்சைப் புடவை கட்டுன ஒரு அம்மா வந்து விரல் வச்சுது" என்றார். "ஒங்க பேரு வந்துச்சு. அரிசி எடுத்துட்டுப் போங்கன்னேன். வேண்டாம், அவுங்க பேரு வருதான்னு பாக்கத்தான் வந்தேன்னுட்டுப் போயிருச்சு."

இது நல்லதா கெட்டதா என்று தனபாக்கியத்துக்குப் புரியவில்லை. பச்சைப் புடவை என்பவள் வாய் திறந்து பெயர் சொல்லாதவள், சேர்த்த அன்று கட்டியிருந்த புடவையின் நிறத்தால்தான் பதிவேட்டில் இருக்கிறாள். அவள் கடையில் இத்தனை வார்த்தை பேசினாள் என்பதையே தனபாக்கியம் நம்பவில்லை.

தெரு இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் அது மழை பெய்கிறது என்பது மாதிரியான செய்தியாகிவிட்டது. பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் தனபாக்கியம் தெருவில் வரும்போது பிள்ளைகளின் கையை முந்தானைக்குள் ஒளித்தார்கள், ஒருத்தி மட்டும், படிக்காமல் ஊர் சுற்றுகிற தன் மகனைக் கூட்டி வந்து, "ரெண்டு தேய் தேய்ச்சு விடுக்கா, ஒன் ரேகையாவது வந்தா வேலைக்குப் போவான்" என்றாள். காப்பகத்தை விட்டு எப்போதோ போனவர்களிடமிருந்தும் போன் வர ஆரம்பித்தது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனவள், மில்லில் பஞ்சு பிரிக்கிறவள், ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள், ஒவ்வொருத்தியும் எங்கோ ஒரு கண்ணாடியில் விரலை வைத்திருக்கிறாள், அங்கெல்லாம் தனபாக்கியத்தின் பெயர் வந்திருக்கிறது. "மில்லு சூப்பர்வைசர் யாரு தனபாக்கியம்னு கேட்டாருக்கா. என்னயக் குளிக்கவச்சவங்கன்னேன். ஓ அப்படியான்னு எழுதிக்கிட்டாரு" என்றாள் மில்லுக்காரி. எழுதிக்கிட்டாரா, என்ன எழுதினார், எதற்கு எழுதினார் என்று தனபாக்கியம் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் இருந்தாள். பதினோரு வருடமாகத் தன் பெயர் எங்கும் எழுதப்படவில்லையே என்று அழுதவள்தான், இப்போது ஊரெல்லாம் எழுதப்படுகிறதே என்று நடுங்கினாள்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. தொண்ணூறில் ஐம்பத்தேழாவது நாளோடு எல்லாம் போயிற்று என்று பாயில் கிடந்து விம்மினாள். நான்காம் நாள் போய்ப் பார்த்தால், இயந்திரத்தில் அந்த மூன்று நாளும் அவள் வந்திருந்தாள், காலையில் ஒன்பது முறை, மாலையில் பதினொரு முறை. பெண்கள் வரிசையில் நின்று வைத்திருக்கிறார்கள், இயந்திரம் வணக்கம் தனபாக்கியம், வணக்கம் தனபாக்கியம் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறது.

"யாரு வைக்கச் சொன்னா?"

"வேலை யாரு பாத்தா?" என்றாள் குருவம்மா. "நாங்கதான். நான் அந்தப் பைத்தியத்துக்குத் தலை சீவி விட்டேன், பச்சைப் புடவை கக்கூஸக் கழுவுனா. ஒன் வேலைய ஒன் ரேகை பாத்துச்சு. அதுக்கு ஏன் இப்படி மொறைக்க?"

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் தனபாக்கியம் வாயைத் திறந்தபோது, "என்ன கேக்கப் போறீங்க இதுக்கு?" என்றுதான் வந்தது. குருவம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரே ஆள் ஒரு நாளில் இருபது முறை வந்ததைச் செயலாளர் ஞானசிகாமணியும் பார்த்தார். முதலில் கத்தினார், போலீஸுக்குச் சொன்னார், அப்படித்தான் அந்த ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து, அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்த செயலாளர் வேறு ஆளாக இருந்தார். "உக்காரு பாக்கியம்" என்று நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை, அப்போதும் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"கவலப்படாத. நான் மேடத்துகிட்ட எடுத்துச் சொல்லிட்டேன். ஒரே ரேகை ரெண்டு பேருக்கு வந்தா ஆபீஸ்ல ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஒண்ணு மோசடி. இன்னொண்ணு ஒரே குடும்பம். நீ மோசடி பண்ற ஆளா? இல்லல்ல? அதனால ஒரே குடும்பம்னு போடச் சொல்லிட்டேன். தொண்ணூறு நாள் முடியிற அன்னைக்கு மேடம் நேர்ல வாராங்க. ஒனக்கும் ஜெசிந்தாவுக்கும் பொன்னாடை, கேடயம். பேப்பர்காரங்களும் வாராங்க. ஒரு பேப்பர்ல மட்டும் விரல் வைக்கணும்."

"என்ன பேப்பர் சார்?"

"சும்மா. பொன்னாடை வாங்கிக்கிட்டதுக்கு."

தனபாக்கியம் அந்தத் தாளை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். படித்துவிட்டுத் தருகிறேன் என்றாள். செயலாளர் சிரித்தார், படி படி என்றார், அவள் படிப்பு எதுவரை என்று அவருக்குத் தெரியும். அவள் அதை இரவு வேலைக்கு வந்த ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். ஜெசிந்தா பிளஸ் டூ, வாசற்படியில் நின்றபடியே வாசித்தாள், வாசிக்க வாசிக்க அவள் புருவம் மேலே ஏறியது.

"அக்கா, இது பொன்னாடை ரசீது இல்ல."

"தெரியும். என்னன்னு சொல்லு."

"கீழ்க்கண்ட இருபத்து நாலு பேரும் என்னுடைய குடும்பத்தார். நான் குடும்பத் தலைவி. இவங்களப் பராமரிக்கிறது என் குடும்பக் கடமை. இதுக்காக எந்த ஊதியமும் கேக்க மாட்டேன். இதுவரைக்கும் வாங்குன மதிப்பூதியம் அன்பளிப்பு." ஜெசிந்தா தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் காலியாக இருந்தது. "எனக்கும் இதே மாதிரி பத்தொன்பது பேர் போட்டு வச்சிருப்பான்க்கா."

தனபாக்கியத்துக்கு அப்போதுதான் பதினோரு வருடச் சந்தேகம் எந்த எழுத்தில் ஒளிந்திருந்தது என்று பிடிபட்டது. சோறாக்குகிறவளுக்கும், பெற்றவர்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறவளுக்கும், படுத்த மாமியாரைப் புரட்டிப் போடுகிறவளுக்கும் உலகத்தில் யாரும் சம்பளம் கொடுத்ததில்லை, வேலை என்று சொன்னதில்லை, ஆடி மாதத்தில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்து மகராசி என்பார்கள். இருபத்து நான்கு பேரை அவள் குடும்பமாக்கிவிட்டால் அவள் செய்வது வேலை இல்லை. விரல் வைத்தால் சம்பளம் போயிற்று, தை முடிந்ததும் அறை போயிற்று. விரல் வைக்காவிட்டால் மோசடி, வேலையும் போயிற்று, ஏட்டு எழுதிக்கொண்டு போன தாளும் பேச ஆரம்பிக்கும்.

மறுநாள் காப்பகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒருத்தி அவளைச் சின்னம்மா என்றாள், ஒருத்தி மதினி என்றாள், பெயரே இல்லாத பச்சைப் புடவை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் கட்டைவிரலை அவள் கட்டைவிரலோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"குடும்பம்னு எழுதிக் குடுத்தாத்தான் என்னட்டி?" என்றாள் குருவம்மா. "நாங்க என்ன ஒன் சொத்துல பங்கா கேக்கோம்?"

"சொத்து இருந்தாப் பரவால்லயே. வாடகைக்கு வக்கில்ல. ஒங்க எல்லாரையும் குடும்பம்னு எழுதிக் குடுத்துட்டு, தை முடிஞ்சதும் நானும் ஒங்க பக்கத்துல பாய் போடவா?"

"போடு. இடம் இருக்கு."

"அப்ப ஒங்களக் குளிப்பாட்டுறது யாரு?"

குருவம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நாங்க ஒனக்கு யாரு?" என்று கேட்டாள், முதல் முறையாக அந்தக் குரலில் எழுபது வயது தெரிந்தது. தனபாக்கியத்துக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் அதையும் யாராவது எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றியதால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெசிந்தா மட்டும் அந்த வாரம் முழுக்கப் பழைய சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு வாசித்தாள், கஞ்சி கொதிக்கும்போது வாசித்தாள், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசித்தாள். செயலாளர் மூன்று பத்தி வாசித்துக் காட்டியிருந்தார், அதில் ஒன்பது பத்தி இருந்தது. ஏழாவது பத்தியில், கைரேகை தேய்ந்துபோன ஊழியர்கள் அதிகாரி முன்னிலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம், அவர்கள் ஏற்கனவே வைத்த வருகை செல்லும் என்று இருந்தது.

"மூணாவது கட்டம் இருக்குக்கா. தேய்ஞ்சவங்க."

"எனக்குத்தான் தேயலயே. எனக்கு இருபத்து நாலு எடத்துல முளைச்சுல்ல கெடக்கு."

"ஒங்க விரல்ல இல்லாட்டி, அவங்க விரல்ல இருக்கிறது ஒங்களுதுன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஜெசிந்தாவும் செயலாளரும் சேர்ந்து வைக்கிற பொறியாக இருக்குமோ என்று தனபாக்கியத்துக்கு ஒரு கணம் தோன்றியது, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கும் தன்னைப் பற்றி அதேதான் தோன்றுகிறது என்று தெரிந்தது, அதன் பிறகுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எண்பத்தாறாவது நாள் காலை, பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, தனபாக்கியம் குளியல் கொட்டகையில் துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். பொரிந்துபோன அதன் ஓரத்தில் சலவைச் சோடாவைத் தூவி, கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். வருடக்கணக்கான அழுக்கை எடுக்கிற மாதிரியே, அவசரப்படாமல், ஒரே பக்கமாக, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். முதலில் தழும்பு போனது, பிறகு வளையங்கள் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் போயின. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் தேய்த்தாள், மற்ற விரல்களையும் விடவில்லை, தயிர் தொட்டால் எரிந்தது, உப்புத் தொட்டால் உயிர் போயிற்று. இரவில் அதே கல்லில் ஜெசிந்தா உட்கார்ந்தாள். எண்பத்தொன்பதாம் நாள் இயந்திரத்தில் வைத்தபோது அது நெடுநேரம் யோசித்து, முதல் முறையாக அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை, அன்றைக்கு வருகை போட்டது யார் விரல் என்று அவள் விசாரிக்கவில்லை.

தொண்ணூறாம் நாள் அதிகாரி பரிமளா மேடம் வந்தார், ஷாமியானா போட்டிருந்தது, மேஜையில் இரண்டு பொன்னாடைகள் மடித்து வைத்திருந்தார்கள், பேப்பர்காரர் கேமராவோடு நின்றார், பெண்கள் எல்லோரும் புது நைட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கையடக்க இயந்திரத்தை நீட்டினார். குருவம்மா வைத்தாள், தனபாக்கியம் என்று வந்தது. பச்சைப் புடவை வைத்தாள், தனபாக்கியம் என்று வந்தது. தனபாக்கியம் வைத்தாள், பொருந்தவில்லை என்று வந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், பொருந்தவில்லை. ஜெசிந்தா வைத்தாள், பொருந்தவில்லை.

"மேடம், இது ஏதோ..." என்று செயலாளர் எழுந்தார்.

"உக்காருங்க சார்." மேடம் தனபாக்கியத்தின் கையைத் திருப்பிப் பார்த்தார், வழவழவென்று சிவந்து, முட்டை ஓட்டுக்குள் இருக்கிற சவ்வு மாதிரி இருந்தது. "எப்படித் தேஞ்சுது?"

"பதினோரு வருஷம் ஆளுகளத் தேய்ச்சிருக்கேன் மேடம்."

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது, நம்பாமலிருக்கக் காரணம் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது. "அப்ப இவங்க ஒங்களுக்கு யாரு?"

இருபத்து நான்கு பெண்களும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஜெசிந்தா ஏழாவது பத்தியை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"யாரும் இல்ல மேடம். நான் இங்க வேலை பாக்கேன்."

குருவம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மேடம் தாளில் உறவு என்ற இடத்தில் இல்லை என்று எழுதி, பதிவேட்டை நீட்டினார். தனபாக்கியம் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள், எழுதி முடித்து, கோட்டுக்கு வெளியே ஏதாவது போயிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். ஜெசிந்தா ஒரே இழுப்பில் போட்டாள். பொன்னாடைகளைச் செயலாளர் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது, அட்டையும் வந்துவிட்டது, வீட்டுக்காரரிடம் முடியும் என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் தனபாக்கியத்துக்கு நிம்மதியில்லை, ஏனென்றால் ரேகை திரும்ப முளைக்கிறது. புதிதாக ஒருத்தியைக் கூட்டி வந்து குளிப்பாட்டினால் இரண்டு நாளில் தன் விரல் நுனியிலேயே மெல்லிய வளையம் ஒன்று தெரிகிறது, ஒரு வாரத்தில் தழும்பும் வந்துவிடுகிறது, அதிகாரி எந்த மாதம் எந்த நாள் திரும்ப வருவார் என்று சுற்றறிக்கையில் எந்தப் பத்தியிலும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும், விடுப்பு நாளாக இருந்தாலும், காலையில் காப்பகத்துக்கு வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்.

குருவம்மா அவளோடு பதினெட்டு நாள் பேசவில்லை, தலையைத் தொடவிடவில்லை, ஜெசிந்தா வரும்வரை குளிக்காமலே இருந்தாள். பத்தொன்பதாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனபாக்கியம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கல்லின் மேல் தண்ணீர் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் குருவம்மா சொம்போடு குனிந்து நின்று, அவள் விரல் எரியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓரத்துல இன்னும் தெரியுது பாரு" என்றாள் குருவம்மா. "நல்லாத் தேய்."

தனபாக்கியம் விரலைத் திருப்பி வைத்து, நன்றாகத் தேய்த்தாள்.